'கோத்தகிரி ஹோம்மேட் சாக்லேட்' பெயருக்கு டிரேட்மார்க் ஆட்சேபம் – என்ன செய்வது?

கோத்தகிரி கடை:
வணக்கம். கோத்தகிரியில் சாக்லேட் கடை வைத்திருக்கிறோம். 2017 முதல் டப்பாவில் 'கோத்தகிரி ஹோம்மேட் சாக்லேட்' என்றுதான் போடுகிறோம். இந்த சீசனில் நாலு கடை தள்ளி ஒருவர் அதே பெயர், அதே பச்சை டப்பா, எங்கள் குருவிப் படம்கூட அப்படியே போட்டு விற்கிறார். அங்கே வாங்கியவர்கள் 'முந்திரி சொத்தை' என்று எங்களிடம் வந்து சண்டை போடுகிறார்கள். டிரேட்மார்க்குக்கு (வணிகச் சின்னப் பதிவு) விண்ணப்பித்தால் டிரேட்மார்க் சட்டம் பிரிவு 9 என்று ஆட்சேப அறிக்கை வந்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிமம் எல்லாம் இதே பெயரில்தான் இருக்கின்றன. அதைக் காட்டினால் போதாதா?

குன்னூர் தேயிலை:
போதாதும்மா. அவை வியாபாரம் செய்ய அனுமதி, பெயருக்கு உரிமை இல்லை. ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் சேர்ந்தால் அது எல்லோரும் சொல்ல வேண்டிய பேச்சு. கோத்தகிரியில் சாக்லேட் செய்கிற இன்னொருவர் அதை எப்படிச் சொல்வார்? பிரிவு 9 அதைத்தான் தடுக்கிறது. விண்ணப்பத்துக்கு முன்பே அந்தப் பெயர் உங்கள் கடையை மட்டும் குறிக்கும் அளவுக்குப் பழகிவிட்டது என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. ஆனால் அதற்கு விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு என்று மலையாகக் காட்ட வேண்டும். ஒற்றைக் கடைக்குக் கஷ்டம். எதுவானாலும் அந்த ஆட்சேப அறிக்கை கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் பதில் போட்டுவிடுங்கள், விட்டால் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள்.

அந்தக் குருவிக்குப் பெயர் உண்டா?

கோத்தகிரி கடை:
மூடியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'மலைச்சிட்டு' என்று இருக்கும் அண்ணா. தம்பி வரைந்தது.

குன்னூர் தேயிலை:
அதுதான் உங்கள் பிராண்டு! சாக்லேட்டுக்கும் சிட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால்தான் அது வலுவான பெயர். பழைய விண்ணப்பத்தில் பெயரை மாற்ற விடமாட்டார்கள், புதிதாகப் போடுங்கள். முதலில் ஐபி இந்தியா என்ற அரசு டிரேட்மார்க் தளத்தில், சாக்லேட் வரும் 30-ஆம் வகுப்பில் (சரக்கு வகை) இதே போன்ற பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எழுத்து ஒன்றாக இருப்பதை மட்டுமல்ல, ஒலிப்பு ஒத்துப்போவதையும் பார்க்க வேண்டும். தனிநபருக்கும் உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய், மற்றவர்களுக்கு 9000.

கொடைக்கானல் தைலம்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தைலமும் விற்கிறீர்கள் என்றால் அது வேறு வகுப்பு. வாசனை எண்ணெயாக என்றால் 3, மருந்தாக என்றால் 5. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். 2017 முதல் இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறோம் என்று விண்ணப்பத்தில் சொன்னால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். பழைய அச்சக பில், டப்பா போட்டோ, எதையும் தூக்கி எறியாதீர்கள். டிரேட்மார்க் அலுவலகத்தின் அதிகாரப்பூர்வப் பத்திரிகையில் விண்ணப்பம் வெளியான பின் நாலு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். பதிவாகும் வரை 'டிஎம்' போடலாம், பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) மட்டும் போடக்கூடாது, அது சட்டவிரோதம்.

கோத்தகிரி கடை:
ரொம்ப நன்றி அக்கா. ஆனால் அதுவரை பக்கத்துக் கடைக்காரரை விட்டுவிடுவதா?

கொடைக்கானல் தைலம்:
ஏன் விட வேண்டும்? பதிவே இல்லாவிட்டாலும், உங்கள் சரக்கு என்று நம்பவைத்து விற்பதை எதிர்த்து வழக்குப் போடலாம். குருவிப் படத்துக்கு வரைந்த அன்றே பதிப்புரிமை (காப்பிரைட்) இருக்கிறது. ஆனால் அது தம்பிக்குத்தான் சொந்தம், கடை பெயருக்கு மாற்றி எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் போகும் முன்பே, வேறு ஒருவரை அனுப்பி அவர் கடையில் ஆதாரத்துக்காக ஒரு டப்பாவைப் பில்லோடு வாங்கி வையுங்கள்.