குடிச்சவருக்கும் வலிக்கும்தானே? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கேஷுவால்டி_ராத்திரி:
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப. குடியால கணையம் கெட்டுப்போன ஒருத்தர், அந்த வாரத்துல மூணாவது தடவையா வந்தார். "ட்ரமடால் போடுங்க சார்"னு, போதைக்கும் பயன்படுத்துற அந்த வலி ஊசியைப் பேர் சொல்லியே கேட்டார். சீனியர் என்னை ஓரமா கூப்பிட்டு, "ஊசிக்கு அலையுற கேஸ்பா, சாதாரண வலி ஊசி டைக்ளோ போட்டு அனுப்பிடு"ன்னார். போட்டேன்.
அவரால படுக்கவே முடியல. ஸ்ட்ரெச்சர் ஓரத்துல உக்காந்து, ஸ்கேன் கவர் வச்சிருந்த மஞ்சப்பையை வயித்தோட அணைச்சுக்கிட்டு, குனிஞ்சு நெத்தியைக் கம்பியில அழுத்திக்கிட்டே இருந்தார். கணைய வலி குனிஞ்சாத்தான் கொஞ்சம் அடங்கும். பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவன் நான். "குடியை விட்டு எட்டு மாசம் ஆச்சுங்க"ன்னாங்க அவர் மனைவி. கேஸ் ஷீட்ல அதை நான் எழுதவே இல்லை. ட்ரமடாலை பார்மகாலஜில படிச்சோம், குடியை சைக்யாட்ரி போஸ்டிங்ல பாத்தோம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட வந்தா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லித்தரல.

அப்பா_பொண்ணு:
எங்கப்பாவுக்கு முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வருஷமா டேபென்டடால், ட்ரமடால் மாதிரி ஒரு வலி மாத்திரை. புது டாக்டர் சீட்டைப் பாத்துட்டு, "இது போதை மாத்திரை, இன்னையோட நிறுத்துங்க"ன்னுட்டார். மறுநாள் மூக்கு ஒழுகுது, வயித்தால போகுது, கொட்டாவி மேல கொட்டாவி. மே மாச வெயில்ல கையெல்லாம் மயிர்க்கூச்செறிஞ்சு நின்னுச்சு. காய்ச்சல்னு கஞ்சி வச்சுக் குடுத்தேன். வேற ஆஸ்பத்திரில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்ததும், "எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?"ன்னாங்க. திடீர்னு நிறுத்தினதால வந்ததுதான் அது. நிறுத்தினா என்ன ஆகும்னு முதல் டாக்டர் யோசிச்சிருந்தா போதுமே.

மெடிக்கல்_கடை:
முதல் பதிவு போட்டவருக்கு: உங்க சீனியரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. கலர் ஜெராக்ஸ் சீட்டோட பசங்க வர்றது எங்க கடைக்கு. 2018 ஏப்ரல்ல ட்ரமடாலை என்.டி.பி.எஸ்.ங்கிற போதைமருந்துச் சட்டத்துல சேத்தாங்க, கூட்டம் டேபென்டடாலுக்கு மாறிடுச்சு. கரைச்சு ஊசியில ஏத்துறாங்க. ஒரு பையனோட கை வீங்கிக் கறுத்துப்போயிருந்ததைப் பாத்தவன் நான். யாருக்கு நிஜ வலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வலி_ஓபி:
கண்டுபிடிக்க வேண்டியதில்லை சார், அந்தப் பையனுக்கும் வலி இருந்திருக்கலாம். நானும் அப்படித்தான் ஆட்களைத் திருப்பி அனுப்பினேன், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி ஆன்லைன்ல நடத்துற அடிமைநோய் வகுப்புல சேர்ற வரைக்கும். சக டாக்டர்களுக்குச் சொல்றேன். "எவ்வளவு, கடைசியா எப்போ?"ன்னு முகம் சுளிக்காம கேளுங்க. நாள்பட எடுத்த ஓபியாய்டை (ட்ரமடால், டேபென்டடால் மாதிரி மருந்தை) ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, படிப்படியா குறைங்க. குடிக்கிறவங்களுக்கு பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல வேண்டாம். போதை ஏக்கத்தை அடக்க புப்ரினார்ஃபின் எடுக்கிறவருக்கு ஆபரேஷன்னா அதை நிறுத்தணும்னு அவசரப்படாதீங்க. அதே டோஸை மூணு நாலா பிரிச்சுக் குடுத்தா வலிக்கும் கேக்கும், ஏன்னா ஏக்கத்தை நாள் முழுக்க அடக்குற மருந்து வலியை 6-8 மணி நேரம்தான் அடக்கும். அமெரிக்காவுல 2023 ஜூன்ல இருந்து இந்த மாதிரி கட்டுப்பாடுள்ள மருந்துகளை எழுத உரிமம் எடுக்கவோ புதுப்பிக்கவோ போனா, டாக்டர் அடிமைநோய் பத்தி 8 மணி நேரப் பயிற்சி எடுத்திருக்கணும். இங்க ஹவுஸ் சர்ஜன்சியிலயே அதைக் கட்டாயமாக்கணும்.

அப்பா_பொண்ணு:
அந்த மஞ்சப்பைக்காரர் அப்புறம் வந்தாரா?

கேஷுவால்டி_ராத்திரி:
வந்தார். நாலு நாள் கழிச்சு, ரத்த வாந்தியோட. நாங்க போட்ட டைக்ளோ, அவரா வாங்கிப் போட்ட வலி மாத்திரை, எல்லாம் சேந்து வயித்துல புண். எண்டோஸ்கோபி பண்ணிப் பிழைச்சிட்டார். அன்னைக்கு எந்த மருந்தையும் அவர் பேர் சொல்லிக் கேக்கல.