கல் ஒயின் ஆலைக்குள் எஃகுக் கம்பி: இது கல் கட்டடமா?

நெடுஞ்சுவர்:
பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில், தேன் லெர்மித்தாஜ் ஊரில் தெலாஸ் கம்பெனிக்கு 2019-இல் கட்டி முடித்த ஒயின் ஆலை "முழுக்க முழுக்கக் கல் கட்டடம்" என்று நேற்று ஒருவர் இந்த இணைய மன்றத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 80 மீட்டர் நீளம், 7 மீட்டர் உயரம், அலையலையாக வளையும் சுண்ணாம்புக்கல் சுவர், அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் கல்லுக்குள் எஃகுக் கம்பி விட்டு இறுக்கியிருக்கிறார்களே, அது என்ன கணக்கு?

பழையதோட்டம்:
எழுதியது நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமா? சுமையைத் தாங்குவது கல், கம்பி பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கான்கிரீட் சுவரில் கல் பலகையை ஒட்டிவிட்டு "கல் மாளிகை" என்று விற்கிறவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள்.

நெடுஞ்சுவர்:
கம்பி இருக்கிறதா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

கொத்தனார்பேரன்:
சரி, ஏதென்ஸில் இருக்கிற பழைய கிரேக்கக் கோயில் பார்த்தினானை என்ன செய்வீர்கள்? அதன் பளிங்குக் கற்களையும் இரும்புக் கவ்வி போட்டு, ஈயம் ஊற்றித்தான் பிணைத்தார்கள்.

நெடுஞ்சுவர்:
அருமையான உதாரணம்! அந்த இரும்புதான் துருவேறி உப்பி, பளிங்கையே பிளந்தது.

கொத்தனார்பேரன்:
அது கிரேக்கர்கள் போட்டதில்லை ஐயா. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழுதுபார்க்கிறோம் என்று ஈயப் பூச்சில்லாமல் செருகியது. பாதிக் கதை சொல்லாதீர்கள்.

நெடுஞ்சுவர்:
யார் செருகினாலும் இரும்பு இரும்புதான். நான் சொல்வதும் அதைத்தானே!

மேகலா:
கம்பி கிடக்கட்டும். கல்லைச் செதுக்கியது ரோபோவாமே! பக்கத்தில் பழைய மாளிகை, மதில் சூழ்ந்த தோட்டம், குன்றின் உச்சியில் சின்னத் தேவாலயம். அதற்கு நடுவே உளியே படாத கல். எனக்கு மனது ஒட்டவில்லை.

பழையதோட்டம்:
அப்போ உங்கள் வீட்டு அம்மியை மெஷினில் கொத்தினால் சட்னி அரையாதா?

மேகலா:
அம்மி ஏன் வருகிறது? பெண் பெயரைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விடுகிறது உங்கள் புத்தி.

கொத்தனார்பேரன்:
அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் நாப்பாவில் 1998-இல் முடிந்த டொமினஸ் ஒயின் ஆலை, கம்பிவலைக் கூண்டுக்குள் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய சுவர், இடுக்கு வழியே வெயில் உள்ளே கசியும். அதை இதே நெடுஞ்சுவர்தான் போன விவாதத் திரியில் "இதல்லவா கல் வேலை" என்று தலையில் வைத்து ஆடினார். அங்கே கம்பி தெரியவில்லையோ?

நெடுஞ்சுவர்:
தெரிந்தது, அதனால்தான் புகழ்ந்தேன். அது கம்பியை வெளியே காட்டுகிறது, இது ஒளிக்கிறது. இந்த வித்தியாசம் கூடப் புரியாதவர்களுக்கு நான் எத்தனை முறை எழுதுவது?

பழையதோட்டம்:
ஓட்டு வீட்டுத் திரியிலும் இப்படித்தான், கடைசிப் பதிவு தன்னுடையதாக இருக்கும் வரை விடமாட்டார்.

நெடுஞ்சுவர்:
ஓட்டு வீட்டில் நான் சொன்னதுதான் சரி. இப்போது சொல்லுங்கள், கம்பி இருக்கிறதா, இல்லையா?