பின் இடது டயர் மட்டும் உள்பக்கம் தேய்கிறது, பின் ஆக்சில் வளைந்திருக்குமா?

அம்பைக்காரன்:
வணக்கம். என்னுடையது 2017இல் வாங்கிய முன்சக்கர இழுவைக் கார்; 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின் இடது டயரின் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது, வெளிப்பக்கம் பட்டன் அப்படியே இருக்கிறது. உள்ளிருந்து வெளியே தடவினால் வழுவழு என்று போகிறது. திருப்பித் தடவினால் அரம்போல் கையைக் கீறுகிறது. வேகத்தடையில் இறங்கும்போது பின்னால் ‘தொம்’ என்று ஓர் அடி. நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங்கைச் சற்று இடப்பக்கம் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிபார்ப்பு) செய்தாயிற்று, இரண்டு டயர் மாற்றியாயிற்று. வாரம் இருமுறை அம்மாவை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போகிறேன். வழியில் டயர் வெடித்துவிடுமோ என்ற பயத்திலேயே ஓட்டுகிறேன்.

பாளை வாசி:
டயர்களை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள்.

வள்ளியூர் பட்டறை:
அண்ணாச்சி, டயரை இடம் மாற்றினால் தேய்மானம் நான்கு டயருக்கும் பங்கிடப்படும், காரணம் அங்கேயே இருக்கும். கையைக் கீறும் திசையை நீங்கள் எழுதியது பெரிய உதவி. சக்கரத்தின் முன்பக்கம் வெளியே விரிந்து நின்றால் இப்படித்தான் தேயும். தன் ஓட்டத்துக்கு அரை டிகிரி கோணலாக உருளும் டயர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. அம்பையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்வந்தாலே 600 மீட்டருக்கு மேல் ரப்பரைத் தரையில் தேய்த்த கணக்கு.

இந்த வகைக் கார்களில் பின்னால் இருப்பது பெரும்பாலும் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான முறுக்கு ஆக்சில். முன்சக்கரத்தைப்போல் திருகிச் சரிசெய்ய அதில் இடமே இல்லை. அதனால் பல இடங்களில் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டு ‘அலைன்மென்ட் முடிந்தது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். நான்கு சக்கர அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் வண்டி எப்போதாவது பள்ளத்தில் விழுந்ததா, சொல்லுங்கள்.

அம்பைக்காரன்:
விழுந்தது. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுவாரம், சேரன்மகாதேவிக்கு அருகில் தண்ணீர் அரித்த இடத்தில் பின் இடது சக்கரம் இறங்கிவிட்டது. நெளிந்த ரிம்மை நிமிர்த்தினேன். அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

இன்று தாள் வாங்கினேன். பின் இடது சக்கரம் 0.6 டிகிரி வெளியே விரிந்திருக்கிறது; வலது சக்கரம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. சூடு காட்டி நிமிர்த்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செலவு குறைவு. செய்யலாமா?

தென்காசி ஓட்டுநர்:
தயவுசெய்து செய்யாதீர்கள். நான் செய்து அனுபவித்தவன். ஆறே மாதத்தில் பற்றவைப்பு ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டது. வேறு வேலைக்காக ஜாக்கியில் ஏற்றியபோது கண்ணில் பட்டதால் தப்பினேன்.

வள்ளியூர் பட்டறை:
தென்காசி நண்பர் சொன்னதை அப்படியே கேளுங்கள். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் முறுகி முறுகித் திரும்ப வேண்டிய இரும்பு அது. கேஸ் தீயில் பழுக்கக் காய்ச்சினால் அந்த உறுதி போய்விடும்.

ஆனால் ஆக்சிலே வளைந்தது என்று இன்னும் முடிவு கட்ட வேண்டாம். சில வண்டிகளில் சக்கரம் சுற்றும் ஸ்டப் தனியாகப் போல்ட்டில் நிற்கும். அது மட்டும் வளைந்திருந்தால் செலவு குறையும். ஆக்சிலை வண்டியின் உடலோடு பிணைக்கும் இரண்டு ரப்பர் புஷ்களையும் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து வாய் திறந்தால் ‘தொம்’ சத்தம் அங்கிருந்துதான். பேரிங்கையும் விடாதீர்கள்: சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையைச் சுருள்வில்லில் வைத்து மறுகையால் சுழற்றுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பும் அந்தக் கைக்குத் தெரியும்.

அம்பைக்காரன்:
பேரிங் நன்றாக இருக்கிறது. இடது புஷ் பாதி கிழிந்திருக்கிறது. ஸ்டப் ஆக்சிலோடு சேர்ந்த வகை. கோணல் ஆக்சிலில்தான் என்று அளந்து காட்டினார்கள். புதிய ஆக்சிலுக்குச் சொல்லிவிட்டேன்.

வள்ளியூர் பட்டறை:
நல்ல முடிவு. பொருத்தும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடக்கும்; புதிய புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். நான் பார்த்த கிழிந்த புஷ்களில் பல இப்படிப் போனவைதான்.

அம்பைக்காரன்:
மாற்றி 1,500 கிலோமீட்டர் ஆகிவிட்டது. போல்ட்டை நீங்கள் சொன்னபடியே தரையில் நிறுத்தி இறுக்கச் சொன்னேன். மெக்கானிக் தம்பியும் முகம் சுளிக்காமல் செய்தார். பின்சக்கரம் இரண்டும் அளவுக்குள் வந்துவிட்டன. ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. பத்தமடை வேகத்தடைகளில் இறங்கியபோது பின்சீட்டில் அம்மா கண்விழிக்கவில்லை. உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கழற்றிய டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?

வள்ளியூர் பட்டறை:
வேண்டாம் அண்ணாச்சி. வெளிப்பக்கப் பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே டயரை மாற்ற வேண்டும். உங்கள் டயரில் உள்விளிம்பு வழுக்கை. நல்ல டயராக ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.