கவினின் மரக் கேமரா: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

கவின்: மாமா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு மரக் கேமரா பார்த்தேன். துருத்தி வைத்தது, 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடுவது. வாங்கலாமா?

தேவி: ஏற்கெனவே வாங்கிய இரண்டும் அலமாரியில் தூங்குகின்றன 🙄

முரளி: உடனே பணத்தை நீட்டிவிடாதே. துருத்தியை முழுக்க இழுத்து, உள்ளே கைப்பேசி டார்ச்சைப் போட்டு, இருட்டில் வெளியே இருந்து பார். மடிப்பு மூலைகளில் ஊசித்துளை வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். லென்ஸுக்குள்ளும் டார்ச் அடி. நம் சிங்கப்பூர் ஈரத்துக்குப் பூஞ்சை இழை இழையாகப் படர்ந்திருக்கும். அப்புறம் ஷட்டரை 1 வினாடியில் வைத்துத் தட்டு. திக்கித் திக்கி ஓடினால் சர்வீஸ் செலவையும் சேர்த்துப் பேரம் பேசு.

கவின்: லென்ஸ் 90 மி.மீ. வாங்கவா, 150 மி.மீ. வாங்கவா?

முரளி: 150. வேறு பேச்சே வேண்டாம். 90-இல், படம் பார்க்கிற பின்பக்கக் கண்ணாடியின் ஓரமெல்லாம் மங்கலாகத் தெரியும், துருத்தியும் இறுகிக்கொள்ளும். புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு அது எரிச்சல்.

சித்ரா: முரளி, அவனை ஏற்றிவிடாதே. மொத்தம் எத்தனை வெள்ளி ஆகும்?

முரளி: அக்கா, கேமரா ஒரு தடவைச் செலவு. ஃபிலிம்தான் தீராத செலவு. இல்ஃபோர்டு ஹெச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் பெட்டியில் 25 தாள் இருக்கும். ஒரு தட்டலுக்கு ஒரு தாள் போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், கேமரா சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, மீதிப் பணத்தில் ஃபிலிம் வாங்கட்டும்.

தேவி: அவ்வளவு செலவு செய்து என்ன கிடைக்கும்? என் போனே 48 மெகாபிக்சல்.

முரளி: தாளின் பரப்பு 35 மி.மீ. ஃபிலிமைவிட 13 மடங்குக்கு மேல். ஆனால் என்னைக் கேட்டால் அதுகூடக் காரணமில்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் வாசலில் போனை நிமிர்த்திக் கோபுரத்தை எடுத்துப் பார். மேலே போகப் போகக் குறுகி, பின்னால் சாய்ந்து நிற்கும். இந்தக் கேமராவில் உடம்பை ரசமட்டம் பார்த்து நேராக நிறுத்திவிட்டு, முன்னால் இருக்கும் லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றலாம். சாலை கீழே இறங்கிப்போகும், கலசம் உள்ளே வரும், கோபுரம் செங்குத்தாகவே நிற்கும். 1827-இல் தொடங்கிய கோவில், அதைச் சாய்த்துக் காட்டுவானேன்?

தேவி: அதை ஆப்பிலேயே நிமிர்த்தலாமே மாமா.

முரளி: தாராளமாக. பக்கங்களை வெட்ட வேண்டிவரும், மேலே இழுத்த இடத்தில் கூர்மை குறையும். உனக்கு அது போதும் என்றால் சரி, சண்டை இல்லை.

கவின்: கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்கிறார்களே?

முரளி: தலைகீழ் மட்டுமா, இடமும் வலமும் மாறித் தெரியும். கொஞ்ச நாளில் பழகிவிடும். கறுப்புத் துணிக்குள் வேர்த்துக் கொட்டுவதுதான் பழகாது. இன்னொன்று. ஃபோகஸ் பார்த்ததும் முதலில் ஷட்டரை மூடு. பிறகுதான் ஃபிலிம் தாள் இருக்கும் ஹோல்டரைச் செருகி, தாளை மறைத்திருக்கும் தகட்டை உருவ வேண்டும். எடுத்த பிறகு தகட்டைத் திருப்பி, கறுப்பு விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி போடு. வெள்ளை தெரிந்தால் எடுக்காத தாள், கறுப்பு தெரிந்தால் எடுத்த தாள்.

கவின்: ஹோல்டரில் ஃபிலிம் ஏற்றக் கறுப்புப் பை வாங்க வேண்டுமா?

முரளி: பைக்குள் கொஞ்ச நேரத்திலேயே கை வேர்த்து, ஈர விரல் தாளில் பதிந்துவிடும். உங்கள் வீட்டில் ஜன்னலே இல்லாத பாம் ஷெல்டர் அறை இருக்கும்போது பை எதற்கு? இரவில் ஏற்று. ஹாலில் விளக்கை அணை, கதவின் அடியில் துண்டைச் செருகு, காற்றுத் துளைகளை மூடு. உள்ளே ஐந்து நிமிடம் சும்மா உட்கார். கண் பழகிய பிறகும் விரல் தெரிந்தால் அது இருட்டே இல்லை.

சித்ரா: அங்கே என் அரிசி மூட்டை இருக்கிறது. முறுக்கு டின்னும்.

முரளி: அரிசியை வெளியே எடுத்துவிடுங்கள் அக்கா. எடுக்கும்போது ஃபிலிமில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால், பிரிண்டில் அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழும்.

சித்ரா: நல்ல கதை. முறுக்கு டின் அங்கேதான் இருக்கும் 😤

முரளி: டின் இருக்கட்டும் 😄 கவின், தாளின் ஓரத்தில் சின்ன வெட்டுகள் இருக்கும். தாளை நெட்டாகப் பிடி. வெட்டு வலது மேல் மூலையில் விரலில் தட்டுப்பட்டால் வெளிச்சம் பட வேண்டிய மருந்துப் பக்கம் உன்னைப் பார்க்கிறது. ஒரு தாளை வீணானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கி, வெளிச்சத்தில் போட்டுப் பழகு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பழகு. மற்ற தாள்களை அதற்கு அப்புறம் தொடு. பெட்டி ஃபிரிட்ஜில் இருந்தால் சில மணி நேரம் முன்பே வெளியே வை. குளிர் போகாமல் திறந்தால் தாளெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.

கவின்: கழுவுவதையும் வீட்டிலேயே செய்யலாமா?

முரளி: கறுப்பு வெள்ளை என்றால் செய்யலாம். நான்கு தாள் பிடிக்கிற தொட்டி கிடைக்கிறது. அதில் தாளை ஏற்றுவதை மட்டும் இருட்டில் செய்தால் போதும், மீதி வேலை சமையலறை விளக்கிலேயே. ஃபிலிமின் தகவல் குறிப்பில் 20 டிகிரிக்குக் கழுவும் நேரம் போட்டிருப்பான், நம் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. டெவலப்பர் மருந்தை ஐஸ் தண்ணீரில் வைத்துச் சூட்டை இறக்கு. இல்லாவிட்டால் 24 டிகிரிக்கு உள்ள நேரத்தைப் பார்த்துக்கொள். ஒவ்வொரு தடவையும் ஒரே சூட்டில் செய்வதுதான் முக்கியம்.

தேவி: பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் துணியைப் போர்த்திக்கொண்டு "அசையாதே" என்று அதட்டுவார்களாம், அதே கேமராவா என்று கேட்கிறார்.

முரளி: அதே வகைதான் அம்மா. இங்கே லாம்பர்ட் ஸ்டூடியோ 1867-லேயே தொடங்கிவிட்டது, அப்போது ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தட்டு. லீ பிரதர்ஸ் ஸ்டூடியோ எடுத்த முகங்களை தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். கவின், ஆள் படம் எடுப்பதற்கு முன் அவற்றில் கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார். கையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நம் படங்கள் கெடுகின்றன.

கவின்: அப்படியானால் முதல் படம் பாட்டிதான்!

முரளி: நல்லது. கிட்டப் போனால் துருத்தி நீளும், வெளிச்சம் குறையும். 150 லென்ஸுக்குத் துருத்தி 210 மி.மீ. வரை நீண்டால் வெளிச்சம் பாதிதான். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டிக்கொள்.

தேவி: பாட்டிக்குக் கலர் படம் வேண்டுமாம். பச்சை பார்டர் போட்ட சிவப்புப் பட்டுப் புடவையைக் கட்டப் போகிறாராம்.

முரளி: அம்மா, கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். பார்டரே தெரியாது. சரிகை அகலமாக உள்ள புடவையாக எடுங்கள்.

தேவி: அரக்குப் பட்டாம். முடிவாகிவிட்டது. சனிக்கிழமை ராகு காலம் கழித்துப் போய்க் கேமராவை வாங்கச் சொல்கிறார்.

முரளி: சரி, நானும் வருகிறேன். கவின், டார்ச்சுக்கு போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வா.

சித்ரா: வரும்போது தேக்காவில் இறங்கிக் கறிவேப்பிலை.