கம்யூனிட்டி போஸ்டிங் (நர்சிங் படிப்பில் ஊருக்குள் வீடு வீடாகப் போகும் பயிற்சி): மனதை விட்டுப் போகாத வீடு எது?

தகடூர்க்காரி:
மூன்றாம் வருடம், பென்னாகரம் பக்கம். வீட்டு விவரம் எழுதும் ஃபேமிலி ஃபோல்டர், கிருமி பரவாமல் பையைக் கையாளும் பேக் டெக்னிக் எல்லாம் உங்களுக்கே தெரியும். என் தலைப்பு பாதுகாப்பான குடிநீர். ராத்திரி கண்விழித்து வரைந்த சார்ட்டைத் திண்ணையில் விரித்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகு நிமிராமல் சுவரைப் பிடித்தபடி நின்ற பாட்டி உதட்டை விரலால் தூக்கிப் பல்லைக் காட்டினார். கோடு கோடாகப் பழுப்பு. "காய்ச்சுனா இது போயிடுமா கண்ணு?" நிஜமாகவே கேட்டார், நான் ஆமாம் என்றிருந்தால் அன்று சாயங்காலமே அடுப்பு மூட்டியிருப்பார். நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு அளவு மீறினால் பல்லில் இப்படிக் கறை, எலும்பில் விறைப்பு. காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், அங்கே வாய் வரவில்லை. பாட்டி எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

ஊத்தங்கரை அண்ணன்:
தங்கச்சி, காய்ச்சச் சொன்னதைத் தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிற்றுப்போக்குக் கிருமிக்கு அதுதான் வழி. எனக்கும் இப்படி ஒரு வீடு உண்டு, அதை விடுங்கள். இனி போகிறவர்கள் முதலில் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள், போர்வெல் தண்ணீரா, காவிரி ஆற்றிலிருந்து வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, இரண்டும் ஒரே தொட்டியில் கலக்கிறதா. ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர்தான், போர் தண்ணீர் துவைக்க, கழுவ. தண்ணீரை மாற்றினாலும் பாட்டியின் கறை போகாது, அதை நேராகச் சொல்லிவிடலாம். எட்டு வயதுக்குள் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத்தான் அவசரம், பல் உருவாகும் வயது அது. களி, பால், நெல்லிக்காய் கொடுக்கச் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் கேட்க வீட்டில் ஆள் வேண்டுமே. வீட்டுக்கே வந்து மருந்து கொடுக்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீடு தேடி வருகிறது, நாங்கள் சர்வே போன தெருவில் பாதி வீடு பூட்டு. எல்லாரும் பெங்களூரில் கட்டட வேலை. ஒரு வீட்டுக்கு மூன்று முறை போய், 'பூட்டிய வீடு' என்று எழுதி மூடப் போனேன். பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டிப் பார்த்து, "அந்தக்காவுக்கு அங்கயே பாப்பா பொறந்துடுச்சு, எட்டாம் மாசத்துலயே" என்றாள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்ததே எங்கள் யார் நோட்டிலும் இல்லை.