போலந்து கிறிஸ்துமஸ் பாட்டு: எழுதியது சேசு சபைக் குருவா?

பாளை பாடகன்:
பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பங்கில் பாடகற்குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் 14 பேர். இந்த வருடம் நடுச்சாமப் பூசைக்கு ஒரு போலந்துப் பாட்டைத் தமிழாக்கிப் பழகுகிறோம். ‘வ் ஜ்வோபியே லெஜி’ என்று தொடங்கும். தீவனத் தொட்டியில் கிடக்கிறார், இந்தச் சின்னவருக்குப் பாட யார் ஓடி வருவார் என்று அர்த்தம். கையில் கிடைத்த தாளில் ‘பியோத்தர் ஸ்கார்கா, சேசு சபை’ என்று போட்டிருக்கிறது. ஆனால் சேசு சபைத் துறவிகளுக்குப் பாட்டே கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் போலந்தில் அவர்கள் இசைக்கு என்னதான் செய்தார்கள்? போலந்து இசையமைப்பாளர் கோர்ச்சித்ஸ்கியும் அந்தச் சபைதானா? பாட்டுக்கு முன்னால் இரண்டு வரி அறிவிக்க வேண்டும். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

ஆர்மோனிய வாத்தியார்:
தம்பி, அறிவிப்பை முதலில் பார்ப்போம். ‘ஸ்கார்கா இசையமைத்தது’ என்று சொல்லாதீர்கள். வார்த்தைகள்தான் வழிவழியாக அவர் பெயரில் வழங்குகின்றன. மெட்டு, 1633இல் நான்காம் விளாதிஸ்வாஃப் மன்னருக்கு முடிசூட்டியபோது வாசித்த பொலொனேஸ் என்று சொல்லப்படுகிறது. ஸ்கார்கா 1612இலேயே இறந்துவிட்டார். பொலொனேஸ் மூன்று எண்ணிக்கை, ஆனால் அரசவையில் நிமிர்ந்து நடந்து வருகிற ஆட்டம். தாலாட்டு மாதிரி இழுக்கவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம்.

கோர்ச்சித்ஸ்கி சேசு சபை இல்லை. கிராக்கூஃப் நகரத்து வாவெல் பேராலயத்தில் 1698 முதல் 1734இல் சாகும்வரை இசைக்குழுத் தலைவராக இருந்த குரு அவர்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் எழுதிய சட்டத்தில், மற்ற துறவிகள் மாதிரி கூடி நின்று செபங்களைப் பாடுகிற கடமை கிடையாது. எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் உடனே கிளம்ப வேண்டியவர்கள் அல்லவா? அதனால் பெரிய இசையமைப்பாளர் வரிசை ஒன்றை அங்கே தேடினால் ஏமாந்து போவீர்கள். சிலர் உண்டு. இயேசுவின் திருப்பெயர் மன்றாட்டுமாலைக்கு இசை எழுதிய ஷிமோன் பெரெந்த், 1667இல் வில்னாவில் ‘ஆர்ஸ் எத் பிராக்சிஸ் மூசிகா’ என்ற பாடநூல் வெளியிட்ட லாவுக்ஸ்மின்.

ஆனால் அவர்கள் செய்த பெரிய வேலை பாட்டு எழுதியது அல்ல, பையன்களைத் தயாரித்தது. 1564இல் கர்தினால் ஹோசியுஷ் கூப்பிட்டுப் போலந்துக்கு வந்தார்கள். மறுவருடமே பிரானியெவோவில் முதல் கல்லூரி. அப்புறம் ஊர் ஊராகக் கல்லூரிகள், பலவற்றின் பக்கத்தில் ஒரு ‘பூர்சா’. இசை விடுதி என்று சொல்லலாம். ஏழைப் பையனுக்குச் சோறு, படுக்க இடம், வயலின், ஆர்கன், பாட்டு எல்லாம் கிடைக்கும். பதிலுக்கு ஞாயிறும் திருநாளும் அவன் கோவிலில் பாட வேண்டும், வாசிக்க வேண்டும். கிராக்கூஃபில் ஸ்கார்காவை அடக்கம் செய்திருக்கிற பேதுரு பவுல் கோவிலிலும் இப்படி ஒன்று இருந்தது. அங்கே பழகியவர்கள் பிறகு மற்ற இசைக்குழுக்களுக்கு வேலைக்குப் போனார்கள். 1773இல் பாப்பரசர் சபையையே கலைத்தபோது இந்த ஏற்பாடும் போயிற்று.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நானும் விடுதிப் பையன். எங்கள் அப்பா பனையேறி. ஏழாம் வகுப்பில் விடுதிச் சாமியார் என்னை ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்து, “துருத்தியை மட்டும் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். மூன்று மாதம் துருத்தி மட்டும்தான். அதற்குப் பிறகு 31 வருடம் பங்குக் கோவிலில் வாசித்தேன். பூர்சா பற்றிப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சாமியார் பெயர் எந்த இசை வரலாற்றிலும் வராது.

கடற்கரை மரியா:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. சேசு சபைக்காரர் எழுதிய வார்த்தைகளைப் போலந்துச் சனங்கள் இன்னும் பாடுகிறார்கள். கரோல் அந்தோனியெவிச் என்ற குரு, 1807இல் பிறந்தவர். குடும்பஸ்தராக இருந்து, ஐந்து பிள்ளைகளையும் மனைவியையும் சாகக் கொடுத்துவிட்டு 1839இல், அதற்குள் மறுபடி தொடங்கப்பட்டிருந்த சேசு சபையில் சேர்ந்தார். ‘ஃபால்ச்சியே வொங்கி உமயோனே’ அவர் எழுதியது. மே மாதம் சாலையோரச் சுரூபங்களின் முன்னால் கூடிப் பாடுவார்கள். புல்வெளிகளே, மலைகளே, பச்சைப் பள்ளத்தாக்குகளே, மாதாவைப் புகழுங்கள் என்று வரும். எங்கள் ஊரில் மே மாதம் சாயங்காலம் மாதா கெபி (குகை) முன்னால் செபமாலை சொல்லிப் பாடுவோமே, அதே மாதம், அதே நேரம். அவர் 1852இல் காலராவில் இறந்தார். அந்தப் பாட்டைத் தமிழில் கொண்டுவர யாராவது முயன்றால் நான் முதல் ஆளாக வந்து பாடுவேன்.

இன்னொன்று, தவக்காலத்தில் அவர்கள் பாடுகிற ‘கோஷ்கியே ஜாலே’ சேசு சபையுடையது இல்லை. 1707இல் வார்சாவில் வின்சென்ட் தெ பால் சபையார் தொடங்கியது. அதை இவர்கள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பாளை பாடகன்:
அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. அறிவிப்பை இப்படி எழுதியிருக்கிறேன்: “சேசு சபைக் குரு ஸ்கார்கா எழுதியதாக வழிவழியாகச் சொல்லப்படும் போலந்துப் பாட்டு. மெட்டு, அரசவை நடனத்தின் நடையில் அமைந்தது.” சரிதானா? நாங்கள் இதுவரை வேகமாகத்தான் பாடிக்கொண்டிருந்தோம். நேற்று மெதுவாக்கிப் பார்த்தோம், ஆண்குரல் இரண்டாவது வரியில் மூச்சு வாங்குகிறது.

ஆர்மோனிய வாத்தியார்:
சரிதான். மூச்சு வாங்கினால் வரியின் நடுவில் ‘சின்னவருக்கு’ என்ற சொல்லுக்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். சொல்லை உடைக்க வேண்டாம். சனிக்கிழமை 5 மணிக்குப் பயிற்சி என்றால் வருகிறேன். துருத்தி போட ஒரு சின்னப் பையனைக் கூட்டி வையுங்கள்.