உதவி: ஐந்து பேருக்கு மோட்டார்ஹோம், 6 மீட்டர் வேனா, 7 மீட்டர் வண்டியா?

நாடோடிக்குடும்பம்:
வணக்கம். நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், 68 வயது அம்மா என்று ஐந்து பேர். போன மாதம் அம்மாவை விட்டுவிட்டு நாங்கள் நால்வர் மட்டும் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுக்கை, டாய்லெட் எல்லாம் உள்ள வீட்டு வண்டி, 6 மீட்டர் நீள வேனாக ஒன்றை நான்கு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம்.

ஓட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. இரவுதான் தொல்லை. மேசையை இறக்கி, மெத்தைத் துண்டுகளை அடுக்கிப் பிள்ளைகளுக்குப் படுக்கை போட இருபது நிமிடம். அந்த மூன்றாவது துண்டு எந்தப் பக்கம் போகும் என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. எங்கள் படுக்கை பின்னால் குறுக்கே இருந்தது; உள்பக்கம் படுத்த நான் நள்ளிரவில் டாய்லெட் போக மனைவியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

இப்போது 7 மீட்டர் வண்டி ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. டிரைவர் தலைக்கு மேல் இருவர் படுக்கலாம், மொத்தம் ஆறு பேருக்குப் படுக்கை. எடை வரம்பு 3,500 கிலோ, கையேட்டின்படி டிரைவரையும் டீசலையும் சேர்த்து வண்டி எடை 3,050. பின்னால் மூன்று சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட ஆசை. எடுக்கலாமா?

பழையஸ்டீயரிங்:
ஆறு பேர் படுக்கலாம், சரி. எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம்?

நாடோடிக்குடும்பம்:
அதைக் கேட்கவே இல்லை. நாளை பார்த்துச் சொல்கிறேன்.

எடைக்கல்:
பெல்ட்டைப் பார்க்கும்போது வண்டியில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் (முன், பின் சக்கரங்களின் அச்சு) இரண்டுக்கும் தனித்தனி வரம்பு அதில் இருக்கும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 3,500இல் 3,050 போக மீதி 450 கிலோ. டிரைவரைக் கணக்கில் சேர்த்தாயிற்று. மற்ற நால்வரும் உத்தேசமாக 173 கிலோ என்றால் 277 மிச்சம். தண்ணீர் டேங்க் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. சில கையேடுகள் ஓடும்போது 20 லிட்டர்தான் இருக்கும் என்று வைத்துக் கணக்குக் காட்டும், அதையும் பாருங்கள். பக்கவாட்டுப் பந்தல் 28, சைக்கிளும் ஸ்டாண்டும் 55, இரண்டாவது பேட்டரி 25. மிச்சம் 69 கிலோ. ஐந்து பேரின் துணி, போர்வை, பாத்திரம், நாற்காலி, பொம்மை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது.

சைக்கிள் விஷயம் இன்னும் மோசம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 4 மீட்டர், ஸ்டாண்ட் பின் சக்கரத்துக்கு 2.4 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். 55 கிலோ பின் ஆக்சிலில் 88 கிலோவாக உட்காரும்; முன்னால் 33 கிலோ தூக்கிவிடும். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை போலத்தான். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் மட்டும் மீறிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரச் சாலையில் ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

வாங்கும் முன் டேங்கை நிரப்பி, ஆட்களை ஏற்றி ஒரு எடை மேடையில் நிறுத்துங்கள். முதலில் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரங்கள் மட்டும்.

குட்டைவண்டி:
எல்லோரும் பெரிய வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் 6 மீட்டர் வேனில் நால்வராக ஆறு வருடம் ஓட்டினோம். குறுகிய தெரு, சாதாரண கார் நிறுத்துமிடம், எங்கும் நுழையலாம். தலைக்கு மேல் படுக்கை உள்ள வண்டி 3 மீட்டர் உயரம் வரும். காற்றடித்தால் தெரியும், டீசலும் அதிகம் குடிக்கும். பிள்ளைகளை வெளியே கூடாரத்தில் படுக்க வையுங்கள்.

பழையஸ்டீயரிங்:
நாலு வயதுப் பிள்ளையைக் கூடாரத்தில் விட்டுவிட்டு யார் தூங்குவது? அதோடு அம்மாவும் வருகிறார். ஐந்து பேர் என்றாலே வேன் கதை முடிந்தது, பெரும்பாலானவற்றில் நான்கு பெல்ட்தான்.

மழைக்குருவி:
சின்னவனின் கார் சீட்டைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் போடவே கூடாது. முன்னால் ஒரு தாங்குகால் தரையில் ஊன்றும் வகை சீட் என்றால் அது ஊன்றும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கீழே வெறும் சாமான் பெட்டி மூடியாக இருந்தால் மோதலில் உடைந்துபோகும். தலைக்கு மேல் படுக்கையும் அவனுக்கு வேண்டாம், வலை கட்டினாலும்.

அம்மாவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். படி எவ்வளவு உயரம், இரவில் யாரையும் எழுப்பாமல் டாய்லெட் போக முடியுமா என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது.

பழைய வண்டி என்பதால் மூலைகளையும் ஜன்னல் அடியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் மழைநீர் இறங்கியிருக்கிறது, கிளம்பி வந்துவிடுங்கள். டயரில் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயசு வயசுதான்.

நாடோடிக்குடும்பம்:
போய்ப் பார்த்தேன். படுக்கை ஆறு, பெல்ட் நான்கு! ஐந்தாவது ஆள் எங்கே உட்காருவது என்று கேட்டதற்கு விற்பவர் சோபாவைக் காட்டினார். பக்கவாட்டு சோபா, பெல்ட்டே இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதே இடத்தில் 6.7 மீட்டரில் இன்னொன்று இருந்தது. ஐந்து பெல்ட், பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நிலையான படுக்கை. நேற்று அம்மாவையும் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்தோம். கீழ்ப் படுக்கை அம்மாவுக்கு, இரண்டே எட்டில் டாய்லெட். மேல் படுக்கையை மகள் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் டிரைவர் தலைக்கு மேல். மகனுக்கு மட்டும் மேசையை இறக்க வேண்டும். ஒருவனுக்குத்தான் என்பதால் மெத்தை இரண்டே துண்டு.

தகட்டில் பின் ஆக்சில் வரம்பு 2,000 கிலோ. சைக்கிளை மனைவி பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள், மகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை எடை மேடைக்குக் கொண்டுவர விற்பவர் சம்மதித்திருக்கிறார். எடைச் சீட்டு கிடைத்ததும் எண்களைப் போடுகிறேன்.

எடைக்கல்:
மகளின் சைக்கிள் ஒன்றை மட்டும் உள்ளே ஏற்றி எடை போடுங்கள். இடம் இருந்தால் அவளுக்கு நல்ல சேதி.